சுருட்டைப் பூனையும் புளியங்கொட்டைக் கணக்கும்



போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் சிங்காநல்லூரில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். படத்தில் அவள் தோள்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் வௌவால் காது மாதிரி அகலம். உடம்பு முழுக்கச் சுருட்டை முடி. மீசைகூட சுருண்டு, ஒடிந்து கிடந்தது. "டீச்சர், பூனைக்கு எப்படிச் சுருட்டை முடி வந்துச்சுன்னு என் பையன் கேட்கறான். நீங்க புளியங்கொட்டை வெச்சு ஒரு கணக்கு சொல்லிக் குடுத்தீங்களே, அதை மறுபடியும் எழுதுங்களேன்" என்று கீழே எழுதியிருந்தாள்.

ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் யாராவது பாடம் கேட்டால் சும்மா விடுவோமா? இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது பூனையோடு நிறுத்த முடியாது என்று தெரிந்தது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். சொந்தக்காரர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

முதலில் வரலாறு.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. அங்கே போட்மின் மூர் என்ற மேட்டு நிலம். 1950 ஜூலை 21 அன்று அங்கிருந்த ஒரு பண்ணை வீட்டில் செரினா என்ற பூனை ஐந்து குட்டி போட்டது. நான்கு குட்டிகளுக்கு எல்லாப் பூனைகளையும் போல நேர்முடி. ஒரே ஒரு ஆண் குட்டிக்கு மட்டும் முடி அலை அலையாகச் சுருண்டிருந்தது. வீட்டுக்காரர் நீனா என்னிஸ்மோர் என்ற அம்மையார். குட்டிக்குக் கல்லிபங்கர் என்று பெயர் வைத்தார். வேறு யாராவது இருந்தால் 'இது ஏதோ சீக்குக் குட்டி' என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்த அம்மா முயல் வளர்த்துப் பழகியவர். முயலில் ரெக்ஸ் என்று ஓர் இனம் உண்டு. 1919-ல் பிரான்சில் தோன்றியது. அதன் முடி மற்ற முயல்களின் முடி போல இருக்காது. அந்த ஞாபகத்தில், இதுவும் அப்படி ஒரு மாற்றமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஜூட் என்ற மரபியல் அறிஞரைக் கேட்டார். அந்த முயலின் பெயரிலிருந்துதான் பூனைக்கும் 'கார்னிஷ் ரெக்ஸ்' என்று பெயர் வந்தது.

ஜூட் சொன்ன யோசனையை நான் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கல்லிபங்கர் வளர்ந்ததும் அதை அதன் தாயான செரினாவோடே சேர்க்கச் சொன்னார். மகனைத் தாயோடு! மிருகம்தானே என்று செய்தார்கள். பிறந்த குட்டிகளில் நேர்முடியும் வந்தது, சுருட்டையும் வந்தது. ஆக, சுருட்டை தற்செயல் இல்லை, பரம்பரையாக இறங்குகிறது என்று தெரிந்தது.

இப்போது புளியங்கொட்டைக் கணக்கு. என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியை வைத்து 1866-ல் எழுதியது பத்தாம் வகுப்புப் பாடம். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அதைப் பல்லாங்குழிச் சாமானை வைத்துச் சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு உயிரின் கையிலும் ஒரு பண்புக்கு இரண்டு காய் உண்டு. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. புளியங்கொட்டை என்றால் நேர்முடி. வெள்ளைச் சோழி என்றால் சுருட்டை. கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தாலும் போதும், முடி நேராகத்தான் இருக்கும். அது ஓங்கு பண்பு. இரண்டுமே சோழியாக இருந்தால்தான் சுருட்டை வெளியே தெரியும். அது ஒடுங்கு பண்பு. ஒரு கொட்டையும் ஒரு சோழியும் வைத்திருக்கும் பூனையைப் பார்த்தால் அதனிடம் சோழி இருப்பது யாருக்கும் தெரியாது. அதற்கே தெரியாது!

செரினா அப்படிப்பட்ட பூனை. குட்டிகளின் தகப்பனிடமும் ஒரு சோழி ஒளிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லிபங்கர் பிறந்திருக்காது. இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு சோழி கிடைக்க. ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் ஒரே சோழியை வைத்திருக்கும் சொந்தங்களைச் சேர்ப்பதுதான் குறுக்கு வழி. ஜூட் அதைத்தான் செய்யச் சொன்னார்.

இனம் உருவாகிவிட்டது, அந்தப் பூனைகளின் கதை அவ்வளவு சுகமாக முடியவில்லை. நீனா அம்மையார் வீட்டில் பூனைகள் பெருகிப்போய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை. பல பூனைகளை ஊசி போட்டு முடிக்க வேண்டியதாயிற்று. செரினாவும் கல்லிபங்கரும் அதில் போய்விட்டன. 1957-ல் இந்த வம்சத்துப் பூனை ஒன்று அமெரிக்கா போனது. அதன் பிறகு, சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து இனம் நலிந்துவிடக் கூடாது என்று சயாமியப் பூனை, பர்மியப் பூனை, சாதாரணக் குட்டைமுடிப் பூனை என்று வெளி ரத்தத்தைக் கலந்தார்கள். இன்று கார்னிஷ் ரெக்ஸுக்கு இருக்கும் நீண்ட கால், ஒட்டிய வயிறு, வளைந்த முதுகு, பெரிய காது இவற்றில் அந்தக் கலப்புக்கும் பங்கு உண்டு.

1960 வாக்கில், பக்கத்து மாவட்டமான டெவனில், பழைய தகரச் சுரங்கத்துப் பக்கம் சுருட்டை முடியோடு ஒரு காட்டுக் கடுவன் சுற்றிக்கொண்டிருந்தது. பெரில் காக்ஸ் என்ற அம்மையார் பார்த்துக்கொண்டிருந்த தெருப்பூனை போட்ட குட்டிகளில் ஒன்று அதே மாதிரி சுருட்டையாக இருந்தது. அதற்குக் கிர்லீ என்று பெயர். இரண்டு சுருட்டையும் சேர்ந்தால் எல்லாம் சுருட்டையாக வரும் என்று கிர்லீயைக் கார்னிஷ் ரெக்ஸ் பெட்டைகளோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாம் நேர்முடி! காரணம், இரண்டும் வேறு வேறு சோழி. அப்படித்தான் 'டெவன் ரெக்ஸ்' தனி இனமானது. இன்னொன்றையும் கவனியுங்கள். கிர்லீ சுருட்டையாகப் பிறந்தது என்றால் அதன் தாயிடமும் அதே சோழி இருந்திருக்கிறது. பெரும்பாலும் தாயும் அந்தக் கடுவனும் ஏதோ வகையில் சொந்தம். சுரங்கத்து மேட்டில் யாரும் ஜாதகம் பார்த்துச் சேர்க்கவில்லை. பூனைக்குச் சொந்தம் தெரியாது, அவ்வளவுதான்.

என் மாணவி வீட்டில் இருப்பது இந்த டெவன் ரெக்ஸ். அகன்ற கன்னம், கீழே இறங்கிய பெரிய காது, குறும்பான முகம். முடி மெல்லியது, சில இடங்களில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். கார்னிஷ் ரெக்ஸின் முடியோ நொய்யல் மணலில் தண்ணீர் வடிந்த பிறகு நிற்கிற வரி மாதிரி ஒழுங்கான அலை. முடி குறைவு என்பதால் இரண்டுமே தொட்டால் கதகதப்பாக இருக்கும். குளிர் தாங்காது, அடுப்பங்கரையையும் போர்வையையும் தேடும். குணத்தில் இரண்டும் குழந்தைகள்தாம். தோளில் ஏறும், அலமாரி மேல் தாவும், தட்டில் இருப்பதைத் திருடும், ஆளை விட்டுப் பிரியாது. முடி கொஞ்சம் என்பதால் ஒவ்வாமை வராது என்று சிலர் சொல்வது தவறு. ஒவ்வாமை தரும் பொருள் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது.

இனி இதன் பின்னால் இருக்கும் சங்கதி.

டெவன் ரெக்ஸின் சோழி எந்த மரபணு என்று 2010-லும், கார்னிஷ் ரெக்ஸினுடையது 2013-லும் கண்டுபிடித்தார்கள். கார்னிஷ் பூனையில் மாறியிருக்கும் அதே மரபணு மனிதரிலும் இருக்கிறது. அது கெட்டுப்போனால் பிறவியிலேயே முடி கம்பளி போலச் சுருண்டு, வளராமல் நின்றுவிடும். (சாதாரணச் சுருட்டை முடிக்காரர்கள் பயப்பட வேண்டாம், அது வேறு.) இதை 2008-ல் கண்டுபிடித்தது பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களை ஆராய்ந்துதான். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள்.

படித்ததும் எனக்கு என் தங்கச்சி ஞாபகம்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 1983-ல் அவளை எங்கள் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்தோம். முறை மாப்பிள்ளை, நல்ல பையன், சொத்தும் வெளியே போகாது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து மூன்று வருடம். கரும்பலகையில் மெண்டல் கட்டம் போட்ட அதே கையால் கல்யாணப் பந்தியில் பரிமாறினேன். ஒரு வார்த்தை வாய் திறக்கவில்லை. பாடம் பரீட்சைக்கு, கல்யாணம் பெரியவர்களுக்கு என்று நினைத்தேன்.

மூன்று குழந்தைகளில் இருவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்தப் பிள்ளைகள் இன்று நன்றாக இருக்கிறார்கள். ஒருவன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான், இன்னொருத்தி தையல் கடை. அவர்களை நான் குறையாகச் சொல்லவில்லை. தங்கச்சி பட்டதைத்தான் சொல்கிறேன். கிரகணத்தில் வெளியே போனாள், நாகதோஷம், மாமியாருக்கு எதிராகப் பேசினாள் என்று இருபது வருடம் அவள்மேலேயே பழி போட்டார்கள். ஒவ்வொரு கோயிலாகப் போய் மண்சோறு சாப்பிட்டாள். பாதிச் சோழி மாப்பிள்ளை கையில் இருந்தது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் சொல்லவில்லை.

நம் பக்கம் ஒரே கூட்டத்தில் கல்யாணம் செய்ய மாட்டார்கள். முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் கூட்டம் ஒன்று என்றால் பங்காளி, அண்ணன் தங்கச்சி முறை. ஆனால் ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தியான மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கலாம். மரபணுவுக்குப் பங்காளியும் தெரியாது, மாமன் மச்சானும் தெரியாது. மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் ஆனவர்கள்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொந்தமில்லாத தம்பதிக்கு நூறு குழந்தை பிறந்தால் இரண்டு மூன்று குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்றால் அது நான்கிலிருந்து ஆறு வரை போகலாம். மற்றக் குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கும். 'எங்க தாத்தா சொந்தத்துலதான் கட்டினார், நாங்கெல்லாம் நல்லாத்தானே இருக்கோம்' என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே வீடுகளுக்குள்ளேயே கொடுத்து எடுத்தால் சோழிகள் சேர்ந்துகொண்டே போகும். ஆடு வளர்க்கிறவரைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றிவிடுவார். ஆட்டுப்பட்டிக்குத் தெரிந்த நியாயம் நமக்குத் தெரியாதா?

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் சொந்தத்தில் ஒரு வீட்டில் மாமன் மகளுக்கே பேச்சு நடக்கிறது. இரண்டு பக்கமும் காது கேளாத குழந்தை இருக்கிற குடும்பம். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பிள்ளைகள் இரண்டு பேரும் ஆசைப்பட்டால் அவர்கள் முடிவு. ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் மரபியல் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். கோவையிலேயே அந்த வசதி இருக்கிறது. எல்லாக் குறையையும் ஒரே ரத்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் குடும்பத்தில் யாருக்கு என்ன குறை என்று மறைக்காமல் சொன்னால், எதைத் தேட வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும். ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள், குழந்தை பிறந்ததும் காது கேட்கிறதா என்று உடனே சோதித்துவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் காதுக் கருவி, காக்ளியர் அறுவை சிகிச்சை எல்லாம் பலன் தரும். என் தங்கச்சி காலத்தில் அது இல்லை. எது நடந்தாலும் வீட்டுக்கு வந்த பெண்மேல் பழி போடாதீர்கள்.

என் மாணவிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். டெவன் ரெக்ஸ் இனத்தில் தசை பலமில்லாமல் போகிற ஒரு நோய் உண்டு. குட்டியால் தலையையே நிமிர்த்த முடியாது. அதுவும் இரண்டு சோழி சேர்ந்தால்தான் வரும். "உன் பூனைக்கு அதைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது: "வாங்கும்போதே அம்மா பூனை, அப்பா பூனை ரெண்டுக்கும் சோதனை பண்ணின பேப்பர் குடுத்தாங்க டீச்சர். அது இல்லாம இங்க யாரும் வாங்க மாட்டாங்க."

அந்த வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்தால் என்னைக் கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சிங்காநல்லூர்