மட்டையின் எடையும் கையின் அளவும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இலக்கியம் பற்றியும் ஆலயங்கள் பற்றியும் அறிஞர் பெருமக்கள் எழுதுவது வழக்கம். அவர்களுக்கு நடுவே, கிரிக்கெட் மட்டையைப் பற்றி எழுத ஒரு ரயில்வே குமாஸ்தா முன்வருவது அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து ரசீது எழுதிவருபவன் நான். ஆகவே, எடை என்னும் ஒரு விஷயத்தைப் பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்கு ஒன்பது வயது நிரம்பியபோது, அவனுக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தேன். வளர்கிற பிள்ளை, சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பதுபோல மட்டையையும் பெரிதாகவே வாங்கிவிட்டால் நாலைந்து வருடம் உழைக்கும் என்று எண்ணிப் பெரியவர்கள் ஆடும் முழு அளவு மட்டையையே வாங்கினேன். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். அதுவரை ஒரு சிறு பலகை மட்டையால் பந்தை நேராகத் தட்டி ஆடிவந்தவன், புது மட்டையைத் தூக்க முடியாமல் குறுக்கே இழுத்து வீசத் தொடங்கினான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் முழங்கை வலி வந்தது, ஆட்டத்தையும் விட்டான். மற்றப் பிள்ளைகள் ஆட, அவன் ஓரத்தில் அமர்ந்து ஓட்டக் கணக்கு எழுதினான். கவனக் குறைவு என்று நான் அவனைக் கடிந்துகொண்டதும் உண்டு.

பின்னர் ஒருநாள் அந்த மட்டையை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, ரயில்வே அணியில் ஆடும் நண்பர் ஒருவரின் மட்டையோடு தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எடை. ஆனால் கையில் எடுத்தபோது, நண்பருடையது விசிறிபோல் எழுந்தது. என் மகனுடையது உலக்கைபோல் தொங்கியது. தராசு காட்டும் எடை வேறு, கை உணரும் எடை வேறு என்பதை இத்தனை ஆண்டு எடை பார்த்த பின்னும் அன்றுதான் அறிந்தேன்.

இதன் காரணம் எளிது. ஒரு சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடித்து வீசிப் பாருங்கள். பின்பு இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு காம்பை வீசிப் பாருங்கள். சுத்தியல் ஒன்றுதான், கைக்குத் தோன்றும் பளு இரண்டு. ஒரு பொருளைச் சுழற்றும்போது, அதன் எடை கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே முக்கியம். அத்தொலைவு இரு மடங்கானால் சுழற்றுவதற்குள்ள தடை நான்கு மடங்காகும். ஆதலின் மட்டையின் அடியில் குவிந்த ஓர் அவுன்ஸ், கைப்பிடியருகே உள்ள பல அவுன்ஸுகளுக்குச் சமம். மட்டையின் சமநிலை என்று ஆட்டக்காரர் சொல்வது இதைத்தான்.

நிற்க. மட்டையின் வரலாற்றைப் பார்ப்போம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பந்தைத் தரையோடு உருட்டியே வீசினார்கள். அதற்கேற்ப மட்டையும் ஹாக்கிக் கோல்போல அடியில் வளைந்து, பளு முழுவதும் கீழே குவிந்திருந்தது. லண்டன் ஓவல் மைதானத்தில் 1729-ஆம் ஆண்டைச் சேர்ந்த மட்டை ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பின்னர் வீச்சாளர்கள் பந்தைக் காற்றில் விட்டுத் தரையில் குத்தி எழச் செய்யக் கற்றனர். எழும்பி வரும் பந்துக்கு வளைந்த கோல் பயன்படவில்லை. நேரான மட்டை பிறந்தது. இம்மாற்றத்தில் பீட்டர்ஸ்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த ஜான் ஸ்மால் என்னும் ஆட்டக்காரருக்குப் பெரும் பங்கு உண்டென்பர். அவர் மட்டையும் பந்தும் செய்யும் தொழிலாளியும் ஆவார்.

1771-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக ஆட வந்த வைட் என்பவர், விக்கெட்டையே மறைக்கும் அகலமுள்ள மட்டையோடு களமிறங்கினார். ஹாம்பிள்டன்காரர் விடுவார்களா? மட்டையின் அகலம் 4¼ அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று தீர்மானித்தனர். 1774-ஆம் ஆண்டு விதிகளிலும் அது ஏறியது. நீளம் 38 அங்குலத்துக்கு மிகலாகாது என்ற விதி 1835-இல் வந்தது. ஆனால் எடைக்கு மட்டும் அன்றுமுதல் இன்றுவரை எந்த விதியும் இல்லை! அகலத்தையும் நீளத்தையும் அளந்த சட்டம், எடையை ஆடுபவனின் கைக்கே விட்டுவிட்டது.

அக்கால மட்டைகள் கனத்தவை. 1820-இல் லார்ட்ஸ் மைதானத்தில் 278 ஓட்டங்கள் எடுத்து, நூறாண்டுகளுக்கு மேல் அம்மைதானத்தின் சாதனையாக அதை நிலைநிறுத்திய வில்லியம் வார்டு, 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,800 கிராம் எடையுள்ள மட்டையால் ஆடினார். கையைத் தாழ்த்தி வீசும் மெதுவான பந்துக்கு அது போதும். 1864-இல் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வீசுவது சட்டபூர்வமாயிற்று. வேகமாக எழும்பிவரும் பந்துக்குக் கண நேரத்தில் மட்டை உயர வேண்டுமே! எனவே எடை குறைந்துகொண்டே வந்தது.

இதற்குத் துணைபுரிந்தது பிரம்பு. ஒரே மரத்தில் செதுக்கிய பழைய மட்டை பந்து பட்டவுடன் கையை அதிரச் செய்யும், விரைவில் முறியும். 1853-இல் நாட்டிங்காம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்ஸன் கைப்பிடிக்குப் பிரம்பைப் பயன்படுத்தினார். பிரம்புக் கைப்பிடியை ஆப்பு வடிவில் வில்லோ மரப் பலகைக்குள் செருகி ஒட்டும் இன்றைய அமைப்பு 1880-களில் சார்லஸ் ரிச்சர்ட்ஸன் என்பவரால் உருவானது என்று கூறப்படுகிறது. இவர் யார் என்று அறிந்தால் நம் ரயில்வே குடும்பங்கள் மகிழும். இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் ரயில் சுரங்கத்தின் முதல் தலைமைப் பொறியாளர் இவரே. சுரங்கம் தோண்டியவர் மட்டைக்கும் துளை தோண்டினார் போலும்!

எனின், கனமான மட்டை சிறந்ததா, இலேசான மட்டை சிறந்ததா? உலகம் கண்ட ஆட்டக்காரர்களில் தலையாயவர் என்று கொண்டாடப்படும் பிராட்மனின் மட்டை 2¼ பவுண்டு அளவே. அவருடைய டெஸ்ட் சராசரி 99.94 என்பது யாவரும் அறிந்ததே. அவரோடு ஆடிய பான்ஸ்ஃபோர்டின் மட்டையோ 2 பவுண்டு 10 அவுன்ஸ்; அக்காலத்துக்கு மிகக் கனமானது. முதல் உலகப் போரின் பெரிய பீரங்கியின் பெயரால் ‘பிக் பெர்த்தா’ என்று அதை அழைத்தனர். இவ்விருவரும் 1934-இல் ஓவல் மைதானத்தில் சேர்ந்து 451 ஓட்டங்கள் குவித்தனர். பிராட்மன் 244, பான்ஸ்ஃபோர்டு 266. ஒருவர் கையில் இலேசு, மற்றவர் கையில் கனம்; வீச்சாளருக்கோ இருவரும் ஒன்றே.

கனத்தால் வரும் பயனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பந்தின் எடை ஏறத்தாழ 5½ அவுன்ஸ். 36 அவுன்ஸ் மட்டை அதைப்போல் ஆறரை மடங்கு. அதை 48 அவுன்ஸாக உயர்த்தி, அதே வேகத்தில் வீசினால், எளிய கணக்குப்படி அடிபட்ட பந்தின் வேகம் மூன்றரை சதவீதம் அளவே கூடும். யார்டில் வண்டியை இடித்துத் தள்ளும் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எஞ்சின் ஏற்கெனவே பன்மடங்கு பெரியது. இன்னும் சில டன் கூட்டினால் வண்டி பெரிதாக விரையாது. எஞ்சினின் வேகம் குறைந்தாலோ வண்டியின் வேகமும் உடனே குறையும். எனவே கனத்தைத் தாங்கி, வீச்சின் வேகத்தையும் குறைக்காத தோள் உடையவனுக்கே கன மட்டை நன்மை செய்யும்.

கிளைவ் லாயிட் அத்தகையவர். 3 பவுண்டளவு மட்டையைச் சுழற்றி 1975-இல் முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 102 ஓட்டங்கள் எடுத்தார். மட்டை செய்பவர்களும் எடையை இடம் மாற்றிப் பார்க்கலாயினர். 1974-இல் மட்டையின் முதுகைக் குடைந்து ஓரங்களில் மரத்தை நிறுத்தினர். 1983-இல் நியூசிலாந்தின் லான்ஸ் கெயின்ஸ் தோள்பகுதி சீவப்பட்ட மட்டையால் மெல்போர்னில் ஒரே ஆட்டத்தில் ஆறு சிக்ஸர்கள் அடித்தார். 2010-இல் டில்லியில் சென்னை அணிக்காக ஆடிய மாத்யூ ஹேடன், பலகையைக் குறைத்துக் கைப்பிடியை நீட்டிய மட்டையால் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் பந்தைத் தடுத்து ஆட அக்குட்டைப் பலகை உதவாது என்பதால் அது பரவவில்லை. மரத்தைப் பதப்படுத்தும் முறை மாறியதால் எடை கூடாமலே மட்டைகள் தடித்தன. ஆகவே 2017 அக்டோபர் முதல் ஓரத்தின் தடிப்பு 40 மில்லிமீட்டருக்கும், மொத்தத் தடிப்பு 67 மில்லிமீட்டருக்கும் மிகலாகாது என்று விதி செய்தனர். அப்போதும் எடையைத் தொடவில்லை.

‘டெண்டுல்கர் சிறுவயதிலேயே அண்ணனுடைய மட்டையால் ஆடவில்லையா?’ என்று கேட்கக் கூடும். உண்மையே. பெரிய மட்டையைத் தூக்குவதற்காகக் கைப்பிடியின் அடிப்பாகத்தைப் பிடித்தார். அப்பிடியே கடைசிவரை அவருடைய பிடியாயிற்று. மட்டையின் கனம் கைக்குத் தொலைவில் நில்லாமல் அருகே வந்தது. கனமும் அவருக்கு வசமாயிற்று. 3 பவுண்டுக்கு மேற்பட்ட மட்டையால் உலகை வென்றார். 2004-இல் முழங்கை நோயால் அவரும் வருந்தியபோது இலேசான மட்டை அவருக்கு ஒத்துவரவில்லை. எந்த எடையில் கை பழகுகிறதோ, அந்த எடையைக் கொண்டே வீச்சு அமைகிறது. ஒரு மேதைக்குக் கைகூடியதை நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் விதியாக்கலாகாது.

சிறுவர்களுக்கென்றே 1 முதல் 6 வரை எண்ணிட்ட மட்டைகளும், அதற்கு மேல் ஹாரோ அளவும் கடைகளில் கிடைக்கின்றன. வலக்கை ஆட்டக்காரப் பிள்ளை இடக்கையால் மட்டும் கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து, மட்டையை உயர்த்தி நேராக வீசிக் காட்டட்டும். மட்டை தலை கவிழ்ந்தால் அது அவனுக்குரியதன்று. கடைக்காரர் சொல்லும் எடையை நம்பாமல் கையை நம்புங்கள்.

நம் சங்க விளையாட்டுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாப் பந்தயத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் முப்பது வயது இளைஞரும் ஒரே மட்டையால் ஆடுகின்றனர். அடுத்த ஆண்டு முதல் சிறு அளவில் இரண்டு மட்டைகள் வாங்கி வைத்தால், அவற்றின் விலையில் கால் பங்கை நான் தருகிறேன். இது தருமமன்று, என் பழைய கணக்கைச் சற்றுத் தீர்ப்பதேயாகும்.

சென்ற தீபாவளிக்கு, பத்து வயதான என் மகள் மட்டை கேட்டாள். நான் கடைக்குப் போனேன், ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை. உடன் வந்த என் மகன் ஒவ்வொன்றாக எடுத்து அவளது இடக்கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னான். நான்காவது மட்டை நேராக எழுந்தது. ‘இதுதான், அப்பா’ என்றான். அவன் முகத்தைப் பார்த்தபடி நான் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.