எலுமிச்சை லோடு வண்டியில் டீசலை மிச்சப்படுத்துவது எப்படி?

சிவகிரியிலிருந்து புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் 20 கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் பறித்த காயை வாடவிட முடியாது என்பதால், சீசனில் வாரத்தில் பல நாள் வண்டி ஓடுகிறது. காய் விலை இறங்கும்போது பறிப்புக் கூலியும் டீசலும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். விலை நம் கையில் இல்லை. டீசல் செலவை ஓரளவு குறைக்கலாம்.

முதலில் உங்கள் வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று பாருங்கள். டேங்கை முழுமையாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே பங்க்கில் மீண்டும் முழுமையாக நிரப்பும்போது, இடையில் ஓடிய கிலோமீட்டரை அப்போது போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். 360 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 18. மாதம் ஒருமுறை இதை எழுதி வைத்தால் போதும். திடீரென 15-க்கு இறங்கினால், ஏர் ஃபில்டர் அடைப்பு, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது போன்ற கோளாறு இருக்கலாம். மண் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்க்க வேண்டும். காருக்கான அளவு டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். லோடு வண்டிக்கு, பாரம் ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

வேகமும் முக்கியம். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்கிறது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம். ராஜபாளையம்–தென்காசி சாலையில் 80-ல் விரட்டினாலும் புளியங்குடிக்கு ஐந்து, பத்து நிமிடம்தான் மிச்சமாகும். மார்க்கெட் வாசலில் அதைவிட அதிக நேரம் காத்திருக்கிறோம். அங்கே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டர் வரை போய்விடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் உடனே விட வேண்டும். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லோடு கொண்டு போகும் சிலர், ஆரியங்காவு இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். இப்போதைய வண்டிகளில் இது மிச்சமே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்கு எரிபொருள் போவது தானாகவே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் போய்க்கொண்டேதான் இருக்கும். இன்ஜின் பிடிப்பும் இல்லாததால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகலாம். இன்ஜினையே அணைத்து இறக்குவது இன்னும் ஆபத்து: இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் திருப்பக் கனமாகிவிடும். ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டினால் டீசலும் போகும், கிளட்ச் பிளேட்டும் தேயும். காரில் மேல் கேரியர் தேவைப்படாத நாளில் கழற்றி வையுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் காலையில் அது நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். தரையில் டீசல் கறை இருந்தால் அன்றே சரி செய்யவும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகிறது.