தங்கமா, தங்க முலாமா?

மெற் காலா முடிஞ்ச அடுத்த நாள் எங்கட இன்ஸ்டகிராம் முழுக்க ஒரே கதைதான்: ஆர் தொனிப்பொருளுக்குப் பொருத்தமா உடுத்தது, ஆர் கோட்டை விட்டது? நாங்களும் மார்க்ஸ் போட்டுத்தான் இருக்கிறம். ஆனால் 2022ஆம் ஆண்டின் தொனிப்பொருளுக்கு மார்க்ஸ் போடுறதெண்டால் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேணும்.

அந்த வருடம் கேட்கப்பட்ட உடை 'கில்டட் கிளாமர்'. அமெரிக்காவில் 1870களிலிருந்து ஏறக்குறைய 1900 வரையான காலத்தை 'கில்டட் ஏஜ்' என்பார்கள். ரயில்பாதை, எண்ணெய், உருக்கு என்று ஒருசில குடும்பங்கள் கற்பனைக்கெட்டாத பணம் சேர்த்த காலம். அந்தப் பெயர், 1873இல் மார்க் ட்வெயினும் சார்ள்ஸ் டட்லி வோர்னரும் சேர்ந்து எழுதிய நாவலிலிருந்து வந்தது. கவனியுங்கோ, பொற்காலம் இல்லை, முலாம் பூசின காலம். அது பாராட்டு இல்லை, நக்கல்.

அந்தக் காலத்துப் பணக்காரரும் இதே விளையாட்டு விளையாடினவர்கள்தான். 1883 மார்ச் 26 அன்று, ரயில்பாதைக் குடும்பத்து மருமகள் அல்வா வாண்டர்பில்ட், நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவிலிருந்த தன் புது மாளிகையில் மாறுவேட விருந்து வைத்தார். ஏறத்தாழ 1,200 பேருக்கு அழைப்பு. அவருடைய ஓரகத்தி அலிஸ் வாண்டர்பில்ட் 'மின்விளக்கு' ஆக வந்தார்! பாரிஸில் வோர்த் தைத்த பொன்னிறச் சட்டை. கையில் பிடிச்ச தீப்பந்தம் மறைச்சு வைத்த பற்றரியால் எரிந்தது. எடிசனின் பேர்ள் ஸ்ட்ரீட் மின்நிலையம் இயங்கத் தொடங்கி அப்ப ஏழு மாதங்கூட ஆகேல்லை. அலிஸின் கணவர் பதினாறாம் லூயி வேடத்தில் வந்தார். அந்த ராசாவின்ட தலைக்கு என்ன நடந்ததெண்டு அவர் யோசிச்சாரோ தெரியாது. 'புஸ்' என்று செல்லப்பெயர் கொண்ட இன்னொரு பெண், பாடம் பண்ணின வெள்ளைப் பூனையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். 2023இல் ஜரட் லெட்டோ முழுப் பூனையாக வந்ததைப் பார்த்து வாயைப் பிளந்த நாங்கள் 140 வருடம் பிந்திப்போனம்.

அதே நகரத்தின் மற்றப் பக்கத்தை ஜேக்கப் ரீஸ் படமெடுத்து 1890இல் புத்தகமாக்கினார். அதில் ஒரு படம் லட்லோ வீதியில் ஒரு நெருக்கமான அறை. குடியேறி வந்தவர்கள் டசின் 45 சதத்துக்கு அரைக் களிசான் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1897இல், பொருளாதார நெருக்கடிக்கு நடுவில், பிராட்லி-மார்ட்டின் குடும்பம் வோல்டோர்ப் ஹோட்டலில் வேர்சாய் பாணி விருந்து வைத்து எக்கச்சக்கமாகத் திட்டு வாங்கியது. கொஞ்சக் காலத்தில் அவர்கள் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள்.

சரி, 2022 மே 2க்கு வருவம். மின்வெட்டுக்கு இடையில் போனை சார்ஜ் பண்ணி நாங்கள் பார்த்த படங்களில், நிறையப் பேர் 'கில்டட்' என்ற சொல்லை 'மினுக்கம்' என்றுதான் வாசிச்சிருந்தார்கள். கிம் கர்டாஷியான் போட்டது மர்லின் மன்றோ 1962இல் போட்ட சட்டை. பெரிய செய்தியானது, ஆனால் கேட்ட காலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பிளேக் லைவ்லி கொஞ்சம் யோசிச்சிருந்தார்: படியில் வைத்து அவரின்ட செப்பு நிறச் சட்டை விரிந்து, சுதந்திரதேவி சிலையைப் போல பச்சையாக மாறினது. இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. அந்தச் சிலையின் பீடம், அல்வாவின் மாளிகை, மெற் அருங்காட்சியகத்தின் ஐந்தாம் அவெனியூ முகப்பு, மூன்றையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ரிச்சர்ட் மொரிஸ் ஹன்ட். மாளிகை 1920களில் இடிபட்டது. அருங்காட்சியகமே 1870இல், அதாவது அந்த முலாம் காலத்தில், தொடங்கப்பட்டதுதான்.

எங்கட முழு மார்க்ஸ் ரிஸ் அஹமட்டுக்கு. திறந்து விட்ட நீலச் சேட்டு, உள்ளே வெள்ளை பெனியன், காலில் வேலைக்காரர் பூட்ஸ். அந்தக் காலத்தை இயங்க வைத்த குடியேறிய தொழிலாளிகளுக்கான மரியாதை இது என்று கமராக்களுக்கு முன்னால் சொன்னார். அதுவும் டிசைனர் உடுப்புத்தான், ஒரு இருக்கை 35,000 டொலர் என்று செய்திகள் சொன்ன விருந்துக்குத்தான் அவரும் போனார். எண்டாலும் லட்லோ வீதிக்காரரை அந்தப் படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்.