காதுக்குள் ஒரு சில்வண்டு

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, மூட்டுவலிக்கு அடுத்தபடியாக ஒரு புகார் கட்டாயம் வரும்: "காதுக்குள்ளே ஒரே சத்தம் சார்!" ஒருவருக்கு அது சில்வண்டு, இன்னொருவருக்குக் கடல் இரைச்சல், வேறொருவருக்குக் குக்கரில் ஆவி சீறுவதுபோல. நூற்பாலையில் ஸ்பின்னிங் பகுதியில் 31 வருஷம் நின்ற எனக்கு 'ங்ஙீ' என்ற ஒற்றைச் சுருதி. ஆறு வருஷமாகக் கூடவே இருக்கிறது. நமக்கு முன்னால் யாருக்கெல்லாம் இது வந்தது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

இது புது வியாதி அல்ல. ஆயுர்வேத நூல்கள் இதைக் கர்ணநாதம் என்று பெயரிட்டுக் காது நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. டாக்டர்கள் சொல்லும் 'டின்னிட்டஸ்' லத்தீன் சொல். மணிபோல் ஒலிப்பது என்று பொருள்.

அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் ஒன்றில் இதைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. வெளியே சத்தம் எழுப்பினால் காதிரைச்சல் ஏன் அடங்குகிறது? பெரிய ஒலி சின்ன ஒலியை விரட்டுவதாலா? இரண்டாயிரம் வருஷமாக வைத்தியம் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது.

பாரிஸில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த இதார் என்பவர் 1821-ல் காது நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். உள்ளே கேட்கும் சத்தத்துக்கு ஏற்ற வெளிச் சத்தத்தைத் தேடிக் கொடுத்தவர் அவர். சீறல் கேட்பவருக்கு, அடுப்பில் ஈர விறகு எரியும் சத்தம். மணியோசை கேட்பவருக்கு, செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம். நீராலைப் பக்கம் போய்த் தங்குவதும் அவர் சொன்ன வழிகளில் ஒன்று.

இசைமேதை பீத்தோவன் தமது 30-ஆம் வயதில், 1801-ல், டாக்டர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காதுகள் இரவும் பகலும் இரைவதாகவும், கேள்வி குறைந்ததால் மனிதர்களைத் தவிர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெதனாவுக்கு 1874-ல் இரைச்சலோடு இரண்டு காதும் போயின. அப்போது அவருக்கு வயது 50. இரண்டு வருஷம் கழித்துத் தம் வாழ்க்கையையே நான்கு தந்திக் கருவிகளுக்கான இசையாக எழுதினார். சந்தோஷமாக ஓடும் கடைசிப் பகுதி திடீரென நிற்கும். வயலினில் ஒரே உச்ச ஸ்வரம் நீளமாகக் கேட்கும். அதுதான் அவர் காதுக்குள் கேட்ட சத்தம். சத்தத்தை அவரால் விரட்ட முடியவில்லை. ஆனால் ஊரே கேட்கும்படி எழுதி வைத்துவிட்டார்.

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், இரைச்சலால் அவதிப்பட்ட ஒருவர் நீரூற்று ஒன்றின் அருகே நின்றபோது தம் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தார். கூட இருந்த ஜாக் வெர்னன் என்ற விஞ்ஞானிக்கு அது பொறி தட்டியது. நீரூற்று மாதிரியான சத்தத்தைத் தரும் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ளும் முறை அப்படி வளர்ந்தது. இதார் சொன்ன ஈர விறகுதான், இப்போது பேட்டரியில்!

சத்தம் எங்கிருந்து வருகிறது? உள்காதில் சுமார் 15 ஆயிரம் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயதாலும் இரைச்சலாலும் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து செய்தி குறையும்போது, ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் நாம் வால்யூமைத் திருகுவதுபோல மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள். 1953-ல் நல்ல காதுள்ள 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்!

அப்படியென்றால் சிலர் மட்டும் தூக்கம் கெட்டு அவதிப்படுவானேன்? 1990-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு பதில் சொன்னார். தொல்லை சத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. ஆகவே அதை முழுக்க மூழ்கடிக்க வேண்டாம். அதைவிடச் சற்றுத் தணிந்த சத்தம் பக்கத்தில் இருந்தால் போதும். இது ஆபத்தில்லை என்று மூளை மெல்லப் பழகிக்கொள்ளும் என்றார். ரயில் பாதை ஓரத்தில் குடியிருப்பவர்கள் தூங்கவில்லையா? விரட்டுவது என்ற பழைய எண்ணம் அங்கேதான் பழகுவது என்று மாறியது.

என் நடைமுறையும் அதுதான். ராத்திரி மின்விசிறி ஓடும், ரேடியோ தணிந்து பாடும். முழு நிசப்தத்தில் படுப்பதில்லை. காது மந்தமானவர்கள் கருவி மாட்டிக்கொண்டால் இரைச்சலும் பலருக்குக் குறைகிறது. இதைத் தீர்க்கும் மாத்திரை என்று நிரூபணமானது இன்றுவரை இல்லை. விளம்பரம் பார்த்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் எல்லா இரைச்சலையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றலோடு வந்தாலோ காது டாக்டரிடம் போங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். சிலருக்கு வெறும் காதுக் குறும்பியாகக்கூட இருக்கும், எடுத்ததும் சரியாகிவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கால் குடைவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஆலையிலோ, அச்சகத்திலோ, பட்டறையிலோ வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகள் இருந்தால் காதடைப்பான் போடச் சொல்லுங்கள். போன மயிர்ச்செல் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.