பலூன் அன்னம்: ஓர் உருவம் யாருக்குச் சொந்தம்?

2013 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் 'பலூன் நாய்' சிற்பத்தினுடைய ஆரஞ்சு நிறப் படி 5.84 கோடி டாலருக்கு விலைபோனது. உயிருடன் இருக்கும் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை அது. மூன்று மீட்டர் உயரமும் கண்ணாடி போன்ற பளபளப்பும் கொண்ட அந்தத் துருப்பிடிக்காத எஃகுச் சிற்பம், பிறந்தநாள் விழாக்களில் ஒரு நிமிடத்தில் முறுக்கித் தரப்படும் ரப்பர் நாயின் பெரும் வடிவம். பின்னாளில் கூன்ஸ் பலூன் அன்னத்தையும் இவ்வாறே எஃகில் வடித்தார். அச்சிற்பங்களைப் பற்றிக் கலை வரலாற்றாசிரியர்கள் ஏராளமாக எழுதியுள்ளனர். அவற்றுக்கு மூலமான ரப்பர் அன்னத்துக்கும் ரப்பர் நாய்க்கும் ஏறத்தாழ எழுதப்பட்ட வரலாறே இல்லை. அவற்றை முதலில் செய்தவர் யார் என்ற எளிய கேள்விக்குக்கூட ஒருமித்த விடை கிடையாது.

இந்த விடையின்மையை ஆவணக் குறைபாடு என்று மட்டும் கொள்வது போதாது. கைவினை ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பரவுகிறது, இறுதியில் எவருடைய பெயரில் பதிவாகிறது என்னும் கேள்விகளுக்கு அதுவே வாயிலாக அமைகிறது.

பலூன் அன்னம் செய்யும் முறையிலிருந்தே தொடங்கலாம். இத்தொழிலில் மிகுதியாகப் பயன்படும் பலூனின் பெயர் '260'. ஊதியபின் 2 அங்குல விட்டமும் 60 அங்குல நீளமும் கொண்டது என்பதே அவ்வெண்ணின் பொருள். பலூனை முழுவதும் ஊதாமல் நுனியில் சில அங்குலம் விட்டுவிடுவர். ஒவ்வொரு முறுக்கும் காற்றை முன்னோக்கித் தள்ளுவதால், அது சென்று சேர இடம் வேண்டும். இடம் விடாத பலூன் முறுக்கும்போதே வெடித்துவிடும். பின்னர் காகிதக் கவ்வியின் வடிவில் பலூனை மடித்து, முடிச்சு நடுவில் அமையுமாறு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் முறுக்கினால் இரண்டு வளையங்கள் உருவாகும். ஒன்றினுள் மற்றொன்றைச் செருகினால் சிறகொடுக்கிய உடல் வந்துவிடும். எஞ்சிய நீளம் கழுத்து. அதன் முனையை வளைத்துப் பிடித்து அழுத்த, அவ்வளைவு நிலைத்துத் தலையாகிறது. காற்றேறாத நுனியே அலகு.

வெட்டுவதும் ஒட்டுவதும் வரைவதும் இதில் இல்லை. மடிப்பு, முறுக்கு, அழுத்தம் ஆகிய மூன்றே செயல்கள். முறுக்கு அவிழாமல் நிற்பதற்கு ரப்பர் மீது ரப்பர் கொள்ளும் உராய்வு காரணம். அவ்வளவு இழுவிசையையும் ஒரு மெல்லிய படலம் தாங்கியாக வேண்டும். ஆகவே, முதல் பலூன் பறவையைச் செய்தவர் யார் என்று கேட்பதற்கு முன், அதைச் செய்வதற்கு இயலும் ரப்பர் எப்போது வந்தது என்று கேட்பதே முறை.

1824-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே, ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு செய்த சோதனைகளுக்காக ரப்பர் பலூன்களை உருவாக்கினார். இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உட்புறம் ஒட்டாதிருக்க மாவு தடவி, ஓரங்களை வெட்டி அழுத்தினார். பச்சை ரப்பரின் பிசுபிசுப்பே விளிம்புகளை இணைத்தது. மறு ஆண்டில் தாமஸ் ஹான்காக், ரப்பர் கரைசல் அடங்கிய குப்பியையும் ஊதுவதற்கான பீச்சாங்குழலையும் சேர்த்து, வீட்டிலேயே பலூன் செய்துகொள்ளும் தொகுப்பாக விற்றார். ஆயினும் பச்சை ரப்பர் குளிரில் விறைக்கும். வெயிலில் இளகி ஒட்டும். சார்லஸ் குட்இயரும் ஹான்காக்கும் தனித்தனியே வகுத்த கந்தகமூட்டும் முறை 1840களில் காப்புரிமை பெற்ற பின்னரே இக்குறை நீங்கியது. 1847-இல் இலண்டனைச் சேர்ந்த ஜே. ஜி. இங்கிராம் அவ்வகை ரப்பரில் விளையாட்டுப் பலூன்களைத் தயாரித்தார்.

இருப்பினும் முறுக்குக்குரிய பலூன் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. ரப்பர் பாளத்தைக் கரைப்பானில் கரைத்து, அதில் அச்சை முக்கியெடுப்பதே நெடுங்காலம் வழக்கில் இருந்த முறை. கரைவதற்கு ஏற்ப ரப்பரை முதலில் இயந்திரத்தில் இட்டுப் பிசைய வேண்டும். அவ்வாறு பிசைகையில் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, கிடைக்கும் படலம் வலிமை குன்றும். மரத்தில் வடியும் ரப்பர் பாலையே நேரடியாகப் பயன்படுத்தினால் சங்கிலிகள் சிதையா. அம்மோனியா சேர்த்து உறையாமல் காத்த ரப்பர் பால் ஆசியத் தோட்டங்களிலிருந்து கப்பலேறத் தொடங்கிய பின் அதுவும் சாத்தியமாயிற்று.

1931-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரப்பர் தொழில் ஆய்வாளரான நீல் டில்லட்சன் இப்பாலைக் கொண்டு பலூன் செய்தார். அட்டையில் ஒரு பூனைத் தலையைக் காதுகளோடு வெட்டி, அதைப் பாலில் முக்கியெடுத்து உலர்த்தினார். அவ்வகைப் பலூன்கள் அவ்வாண்டின் தேசபக்தர் நாள் அணிவகுப்பில் விற்பனையாயின. முதல் ரப்பர் பால் பலூனே ஒரு விலங்குருவம்தான் என்பது கவனத்திற்குரியது. ஆனால் அந்தப் பூனை அச்சிலேயே முடிவாகிவிட்ட பூனை. வாங்குபவர் அதை ஊதலாம். வேறொன்றாக மாற்ற இயலாது. முறுக்குக் கலை இந்த உறவைத் தலைகீழாக்கியது. அச்சு வெறும் குழலை மட்டும் தந்தது. அது அன்னமா, நாயா, வாளா, தொப்பியா என்பதை ஊதிய பின் ஒரு கை தீர்மானித்தது.

அந்த முதல் கை எது? பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டனைச் சேர்ந்த ஹெச். ஜே. போனர்ட் 1939-இல் மாயவித்தைக் கலைஞர்களின் மாநாடு ஒன்றில் பலூன் விலங்குகளைச் செய்து காட்டியதாக இத்தொழிலினர் கூறுவர். ஹென்றி மார் என்பவரையே இக்கலையின் தந்தை எனக் கொண்டாடுவோரும் உளர். இரு கூற்றுகளும் தொழிலினரின் நினைவிலிருந்து வருபவை. மாயவித்தைக் கலைஞரிடையே உத்தி என்பது ஒருவர் செய்வதை மற்றவர் அருகிருந்து கண்டு பெறுவது. கண்டவர் அதில் ஒரு திருப்பத்தைச் சேர்த்து மூன்றாமவருக்குக் காட்டுவார். இத்தகைய வழியில் 'முதல்வர்' என்னும் பெயர் பிற்காலத்தார் திரும்பிப் பார்த்து இடும் பெயராகவே அமையும். வலுவான ரப்பர் பால் குழல்கள் கைக்கு எட்டிய பின், பலர் தத்தம் வழியில் அதை முறுக்கிப் பார்த்திருக்க வாய்ப்புண்டு.

அடுத்து வந்த போர் ஆண்டுகளில், ஜப்பான் மலேயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியதால் நேசநாடுகளில் ரப்பர் அரிதாயிற்று. போருக்குப் பின் இக்கலை மேடைகளில் மீண்டும் தழைத்தது. 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டின் கோல்டன் ஹார்ஸ்ஷூ அரங்கில் வாலி போக் பல்லாண்டுகள் பலூன் விலங்குகளை முறுக்கிச் சிரிக்க வைத்தார். அப்பூங்காவில் சிறுவனாக வேலை பார்த்தபடி அவரது நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கண்ட ஸ்டீவ் மார்ட்டின், பின்னாளில் தம் நகைச்சுவை மேடையில் பலூன்களை ஏந்தினார். கண்டு கற்கும் மரபின் ஒரு கண்ணி இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

இந்தியாவில் பலூனின் கதை வேறொரு முனையிலிருந்து தொடங்குகிறது. இங்கே ரப்பர் விளையும் மண்ணும் இருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் கன்றுகள் அதே ஆண்டில் இலங்கையை வந்தடைந்தன. 1902-இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் எழுந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி முறிந்தபோது செல்வத்தை இழந்த குடும்பத்தைச் சேர்ந்த கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். சென்னைத் தெருக்களில் அவரே பலூன்களைச் சுமந்து சென்று விற்றதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். 1952-இல் அத்தொழில் டயர் மேற்பூச்சு ரப்பருக்கும், 1960களில் டயர் உற்பத்திக்கும் மாறியது. அந்நிறுவனமே இன்றைய எம்.ஆர்.எஃப். மூலதனத்துக்குப் பலூன் ஒரு படிக்கட்டாயிற்று. திருவிழாக்களில் மூங்கில் கழியில் பலூன்களைக் கட்டி விற்பவருக்கோ அதுவே அன்றாடப் பிழைப்பு. முதலாமவரின் வரலாறு நிறுவன ஆவணங்களில் உண்டு. இரண்டாமவரின் வரலாறு எந்த ஆவணத்திலும் சேரவில்லை.

கை நினைவில் மட்டும் வாழும் பறவை இந்நிலத்துக்குப் புதிதன்று. திருமண வாயில்களில் தொங்கும் குருத்தோலைக் கிளியை மடித்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. ஓலை வாடியதும் கிளியும் போய்விடும். மடிக்கும் முறை மட்டும் அடுத்த கைக்குச் செல்லும். பலூன் அன்னமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. காற்றிறங்கிச் சுருங்கும் பொருளுக்கு அருங்காட்சியகத்தில் இடமில்லை. எஃகுக்கு இடமுண்டு.

இவ்விடத்தில்தான் உரிமைச் சிக்கல் எழுந்தது. 2010 இறுதியில், பலூன் நாய் வடிவில் புத்தகத் தாங்கிகளை விற்ற சான் பிரான்சிஸ்கோ நகரின் பார்க் லைஃப் என்னும் கடைக்கு, விற்பனையை நிறுத்துமாறு கூன்ஸ் தரப்பு வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பினர். கடைக்காரர்கள் நீதிமன்றத்தை நாடினர். பலூனில் நாய் செய்யும் எண்ணம் எவருக்கும் சொந்தமன்று, எந்தக் கோமாளியும் இதற்குச் சாட்சி சொல்வார் என்பது அவர்கள் மனுவின் சாரம். 2011 தொடக்கத்தில் கூன்ஸ் தரப்பு பின்வாங்கியதால் தீர்ப்பு எதுவும் எழவில்லை.

தீர்ப்பு வராவிடினும் விடை முறுக்கின் அமைப்பிலேயே உள்ளது. பலூன் நாய் என்பது ஒரே செயலை மூன்று முறை செய்வது. ஒரு குமிழை முறுக்கி, அடுத்த இரு குமிழ்களைச் சேர்த்துப் பூட்டினால் முகமும் காதுகளும். அதையே மீண்டும் செய்தால் கழுத்தும் முன்னங்கால்களும். மூன்றாம் முறை உடலும் பின்னங்கால்களும். கழுத்துக் குமிழை நீட்டினால் நாய் ஒட்டகச்சிவிங்கியாகும். உடற்குமிழை நீட்டினால் குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட் நாயாகும். விதி ஒன்றே; அளவு மட்டும் மாறுகிறது. சில விதிகளிலிருந்து எண்ணற்ற வாக்கியங்களை ஆக்கும் மொழியின் இயல்பும் இதுவே. ஒரு வாக்கியத்தை எழுதியவர் அவ்வாக்கியத்துக்கு உரிமை கோரலாம். எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் விதிக்குக் கோர இயலாது. கூன்ஸின் எஃகு வார்ப்பும் மெருகும் அளவும் அவருடையவை. காதும் காலும் அமைந்த முறை, பெயரறியாப் பலரின் கைகள் சேர்ந்து வகுத்த இலக்கணம்.

ஆகவே 'முதலில் செய்தவர் யார்' என்பதற்கு விடை இல்லாதது இக்கலையின் குறையன்று. பொதுவுடைமையான ஓர் இலக்கணத்துக்கு ஒற்றை ஆசிரியர் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரில்லாத இடத்தில் யாரேனும் ஒருவர் தம் பெயரை எழுதிக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் உண்டு என்பதை 2010-ஆம் ஆண்டுக் கடிதம் காட்டியது. அதற்கு எதிரான காப்பு, செய்முறையை எழுதி வைப்பதே. பொருள்சார் பண்பாட்டை ஆராயும் மாணவர் தம் ஊர்த் திருவிழாவில் பலூன் விற்பவரிடம், எந்தப் பலூனை வாங்குகிறார், யாரிடம் கற்றார், எந்த முறுக்கை என்ன சொல்லால் குறிக்கிறார் என்று கேட்டுப் பதிவுசெய்தால், அது உரிமைத் தகராறு எழும் நாளில் ஒரு சான்றாக நிற்கும்.