ஏட்டு விதியும் ஆடுகள வழக்கமும்: நியூயார்க் ஜயண்ட்ஸ், 1908

1908-ஆம் ஆண்டின் நேஷனல் லீக் பட்டத்தை நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி இழந்த கதையைப் பேஸ்பால் வரலாறு ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டது. ஃப்ரெட் மெர்க்கில், வயது 19. ஓட வேண்டிய தூரத்தை ஓடி முடிக்காமல் பாதியில் திரும்பியவர். சாகும்வரை அவரை விடாத பட்டப்பெயரைத் தமிழில் 'மரமண்டை' என்று சொல்லலாம். அந்தப் பழி ஆள் மாறிப் போய்ச் சேர்ந்தது என்பது என் வாதம். அவர் மீறியதாகச் சொல்லப்படும் விதி ஏட்டில் இருந்தது. ஆடுகளத்தில் அதை யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேட்போம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வாய்ப்பு லீக் தலைமைக்கு அதே மாதத்தில் கிடைத்தது. அதைத் தலைமை நழுவவிட்டது.

முதலில் சம்பவம். செப்டம்பர் 23, புதன்கிழமை, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரணி சிகாகோ கப்ஸ். ஜயண்ட்ஸின் வழக்கமான முதல் பேஸ்காரர் ஃப்ரெட் டென்னிக்கு அன்று முதுகுவலி. அந்தப் பருவத்தில் அவர் ஆடாத ஒரே ஆட்டம் அது. அவர் இடத்தில் இறங்கியவர் மெர்க்கில். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, அணிக்கு 1 ரன், இரண்டு அவுட். முதல் பேஸில் மெர்க்கில், மூன்றாவதில் மூஸ் மெக்கார்மிக். அல் பிரிட்வெல் அடித்த பந்து நடு மைதானத்துக்குப் பறந்தது. மெக்கார்மிக் ஹோம் பிளேட்டை மிதித்தார். வெற்றி என்று நினைத்த கூட்டம் களத்துக்குள் குதித்தது. இரண்டாவது பேஸை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருந்த மெர்க்கில் அப்படியே திரும்பி, உடைமாற்றும் அறையை நோக்கி ஓட்டமெடுத்தார்.

இங்கே விதியைச் சொல்லியாக வேண்டும். பந்தை அடித்தவர் முதல் பேஸுக்கு வரும்போது, அங்கே நிற்பவர் இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவதுக்குப் போயே ஆக வேண்டும். அவர் போய்ச் சேருமுன் எதிரணிக்காரர் பந்தும் கையுமாக அந்தப் பேஸை மிதித்துவிட்டால் அது ஃபோர்ஸ் அவுட். மூன்றாவது அவுட் இப்படி விழுந்தால், யார் ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் அந்த ரன் செல்லாது. கப்ஸின் இரண்டாவது பேஸ்காரர் ஜானி எவர்ஸ் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். பந்தைக் கேட்டு அவர் கூச்சலிட்டார். ஜயண்ட்ஸ் வீரர் ஜோ மெக்கின்னிட்டி அதைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்பது ஒரு தரப்பு. எவர்ஸ் கையில் கடைசியாக இருந்தது அதே பந்துதானா என்பது இன்றுவரை தீராத வழக்கு. களத்தில் இருந்த நடுவர் பாப் எம்ஸ்லி, பிரிட்வெல் அடித்த பந்து மேலே படாமல் தப்பிக்கத் தரையில் விழுந்தவர். இரண்டாவது பேஸை அவர் பார்க்கவில்லை. பிளேட்டுக்குப் பின்னால் நின்ற ஹேங்க் ஓடேதான் அவுட் என்றார். கூட்டத்தை விலக்கி ஆட்டத்தைத் தொடர வழியில்லை. ஆட்டம் சமன் என்றாயிற்று.

மெர்க்கில் திரும்பியதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, ஞாபகமறதியும் இல்லை. போலோ கிரவுண்ட்ஸில் ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் களத்தின் குறுக்கே நடந்துதான் வெளியேறுவார்கள். உடைமாற்றும் இடமோ நடு மைதானத்துக்கு அப்பால் இருந்தது. கூட்டம் அடைப்பதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். வெற்றி ரன் விழுந்ததும் மற்றவர்கள் அவரவர் பேஸைத் தொடாமல் ஓடுவது அந்த நெரிசலில் பிறந்த வழக்கம். அனுபவசாலிகள் செய்ததைப் பார்த்து இளையவர் செய்தார். அவ்வளவுதான்.

இந்த வாதத்தின் கனமான பகுதி பத்தொன்பது நாள் முன்னால், செப்டம்பர் 4 அன்று, பிட்ஸ்பர்க்கில் கிடக்கிறது. அன்றும் ஆடியது கப்ஸ்தான், எதிரே பைரேட்ஸ். பத்தாவது இன்னிங்ஸில் ஓவன் வில்சன் அடிக்க, ஃபிரெட் கிளார்க் வெற்றி ரன் எடுத்தார். முதல் பேஸில் இருந்த வாரன் கில் இரண்டாவதைத் தொடாமல் கிளம்பிவிட்டார். எவர்ஸ் பந்தை வாங்கி, பேஸை மிதித்து, அவுட் கேட்டார். அன்றைக்கு இருந்த ஒரே நடுவர் இதே ஓடே. தான் அதைப் பார்க்கவில்லை என்றார். கப்ஸ் முறையிட்டது, லீக் தலைவர் ஹாரி புல்லியம் தள்ளுபடி செய்தார். நடுவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்ற கேள்வியோடு விவகாரம் முடிந்தது. வழக்கம் செல்லுமா, விதி செல்லுமா என்ற பெரிய கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. 23-ஆம் தேதிக்குள் மாறியது ஓடேயின் மனம் ஒன்றுதான். இனி அப்படி நடந்தால் கவனிப்பது என்று அவர் தயாராகியிருந்தார். ஒரு நடுவராக அவர் செய்தது நேர்மை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எட்டு அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியது புல்லியத்தின் வேலை.

விதி அச்சில் இருக்கும்போது தெரியாது என்று சொல்வது சாக்காகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிட்ஸ்பர்க் முறையீடு ஊரறிந்த செய்தி. ஜயண்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா அதைக் கேள்விப்பட்டு ஆட்களை எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த முறையீடு தோற்றது என்பதும் அதே செய்தியில் இருந்தது. அதைப் படித்தவர் விதி விழித்துக்கொண்டது என்று எண்ணுவாரா, பழைய வழக்கமே நிற்கிறது என்று எண்ணுவாரா? பின்னதுக்கே இடம் அதிகம். மெக்ராவும் மெர்க்கிலைக் கைவிடவில்லை. 1916 வரை மெர்க்கில் ஜயண்ட்ஸுக்கே ஆடினார்.

23-ஆம் தேதி ஓடே சொன்ன தீர்ப்பை எதிர்த்து இரு தரப்பும் போயின. வெற்றி எங்களுடையது என்றது ஜயண்ட்ஸ். கூட்டத்தை அடக்காத குற்றத்துக்கு ஆட்டத்தையே எங்களுக்குக் கொடுங்கள் என்றது கப்ஸ். புல்லியமும், பிறகு லீக் இயக்குநர் குழுவும் இரண்டையும் ஏற்கவில்லை. அக்டோபர் 8 அன்று மறு ஆட்டம். ஜயண்ட்ஸுக்காகப் பந்து வீசிய கிறிஸ்டி மேத்யூசன் அந்தப் பருவத்தில் 37 வெற்றி பெற்றவர், 390 இன்னிங்ஸ் வீசிக் களைத்த கை. கப்ஸ் மூன்றாவது இன்னிங்ஸில் 4 ரன் குவித்து, 4-2 என்று ஜெயித்தது. இறுதிக் கணக்கில் கப்ஸ் 99 வெற்றி, 55 தோல்வி. ஜயண்ட்ஸும் பைரேட்ஸும் 98, 56.

அந்த ஒரு ரன் செல்லுபடியாகியிருந்தால் பட்டம் ஜயண்ட்ஸுக்கு என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே கூட்டல் கழித்தல் மற்ற 56 தோல்விகளுக்கும் பொருந்தும். செப்டம்பர் 29, அக்டோபர் 1, அக்டோபர் 3: ஐந்து நாளுக்குள் ஃபிலடெல்ஃபியா ஃபிலிஸின் புதுமுகப் பந்துவீச்சாளர் ஹாரி கோவலெஸ்கி மூன்று முறை ஜயண்ட்ஸை வீழ்த்தினார். அதில் ஒன்றில் ஜெயித்திருந்தால் மறு ஆட்டத்தில் தோற்றும் ஜயண்ட்ஸ் கப்ஸோடு சமமாக நின்றிருக்கும். 'ஜயண்ட் கில்லர்' என்று பத்திரிகைகள் கோவலெஸ்கியைக் கொண்டாடின. அந்த மூன்று நாளும் அவர் பந்தை அடிக்க முடியாமல் திரும்பிய ஜயண்ட்ஸ் வீரர்கள் யாருக்கும் பட்டப்பெயர் வைக்கப்படவில்லை.