ஒரே ஓட்டில் பிழைத்த தெரு

லண்டனுக்கு வடகிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நாரிச் நகரம். எழுத்துக் கூட்டினால் 'நார்விச்' என்றுதான் வரும். ஊர்க்காரர்கள் நடுவில் உள்ள 'வ'வை விழுங்கிவிடுகிறார்கள்! அங்கே எல்ம் ஹில் என்றொரு தெரு. பெயரில்தான் குன்று, பார்த்தால் லேசான ஏற்றம், அவ்வளவுதான். தரையெல்லாம் கூழாங்கல்.

1507-இல் இந்த நகரில் இரண்டு தீ விபத்துகள். 700-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இந்தத் தெருவில் தப்பியது ஒரே வீடு. பிரிட்டன்ஸ் ஆர்ம்ஸ் என்ற அந்த வீடு இன்றும் கூரை வேய்ந்தபடியே நிற்கிறது.

மற்றதெல்லாம் பிறகு கட்டியது. அந்தப் பக்கத்தில் நல்ல கட்டடக்கல் கிடையாது. அதனால் கீழ்த்தளத்துக்குச் சிக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லும். மேல்தளத்துக்கு மரச்சட்டம் நிறுத்தி இடைவெளியைப் பூசி அடைத்தார்கள். மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு, எதிர்வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

முன்பக்கம் வணிகர் வீடு. பின்பக்கம் வென்ஸம் ஆறு வரை நெசவும் சாயத் தொழிலும். மூன்று முறை மேயராக இருந்த துணி வணிகர் அகஸ்டின் ஸ்டீவர்டு குடியிருந்ததும் இங்கேதான். 1565-இல் டச்சு, வல்லூன் நெசவாளர் குடும்பங்கள் 30-ஐ நகரமே அழைத்துக் குடியமர்த்தியது. கூடவே கேனரி குருவிகளையும் கொண்டுவந்தார்களாம். உள்ளூர் கால்பந்து அணிக்கு இன்றைக்கும் அந்தக் குருவியின் பெயர்தான், சட்டையும் மஞ்சள்தான்!

19-ஆம் நூற்றாண்டில் நெசவு நொடித்தது. முற்றங்களில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியேறின, தெரு சேரியாயிற்று. 1920-களில் நகரசபை, "இடித்துத் தள்ளிவிடலாம்" என்று யோசித்தது. 1923-இல் தொடங்கிய நாரிச் சொசைட்டி விடவில்லை. வீடு வீடாக ஆராய்ந்து, இவற்றின் அருமையை எடுத்துச் சொன்னது. கடைசியில் வாக்கெடுப்பு. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தெரு பிழைத்தது! அதன்பின் பழுதுபார்த்த வீடுகளைத்தான் உலகம் இன்று பார்க்கிறது. 2007-இல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' படத்தையும் இங்கே எடுத்தார்கள்.

ஒரு வருத்தம். தெருவுக்குப் பெயர் தந்த எல்ம் மரம் நோய் கண்டு பட்டுப்போயிற்று. அந்த இடத்தில் இப்போது வேறு ஜாதி மரம்.

நம்மில் பலர் ஏதாவதொரு கமிட்டியில் இருக்கிறோம். "நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?" என்று கூட்டத்துக்குப் போகாமல் இருக்கும் நண்பர்கள், எல்ம் ஹில்லைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.